ஆராதனைக்கு வந்தால்தான் அரிசிப் பையா?

சகோதரரே, ஆராதனை முடியும்வரை உட்கார்ந்தவர்களுக்கே அரிசி டோக்கன் என்ற சபைக் கமிட்டியின் விதியை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். விதியோடு மல்லுக்கட்டாமல் கிழமையை மாற்றுங்கள். ஞாயிறு வேண்டாம், வியாழன் மாலை, கூலி வேலை முடிந்து வரும் நேரம், கேட் பக்கத்தில் கொடுங்கள். டோக்கனில் வீட்டில் எத்தனை பேர் என்பது மட்டும் போதும்: நாலு பேருக்கு 5 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய். பைகளை முந்தின நாளே கட்டிவிடுங்கள்; வரிசையை நிறுத்திவைத்து அளந்தால் கடைசியில் நிற்கும் பாட்டிக்குத்தான் குறையும். போட்டோ கூடவே கூடாது. ஜெபம், அவர்களாகக் கேட்டால் மட்டும்.

கமிட்டியில் வசனம் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். பைபிளில் லூக்கா 17-ஐக் காட்டுங்கள்: இயேசுவால் சுகமான குஷ்டரோகிகள் பத்துப் பேர், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திருப்பி வாங்கவில்லை.