'ஃபன்டாஸ்டிக் பிளானட்' (1973) அனிமேஷன் படத்தின் முடிவில் சிலைகள் உடைந்ததும் டிராக்குகள் ஏன் பணிகிறார்கள்?

அந்தத் தலையில்லாச் சிலைகள்தான் டிராக்குகள் என்ற ராட்சத வேற்றுலகவாசிகளின் உயிர்நாடி. அதனால்தான் பணிகிறார்கள். தியானத்தில் அவர்கள் உணர்வு குமிழாகப் பிரிந்து தங்கள் கிரகத்தின் துணைக்கோளுக்குப் போகிறது, சிலைகளின் மேல் அமர்ந்து, வேறு உலகத்தவரோடு இணைந்து ஆடுகிறது. அவர்கள் இனம் பெருகுவதும் வாழும் சக்தி கிடைப்பதும் அதனால்தான். டிராக்குகளிடமிருந்து தப்பி அங்கே வந்த ஓம்கள் (அவர்கள் அடக்கிவைத்திருந்த சின்னஞ்சிறு மனிதர்கள்) கதிர் பாய்ச்சி சிலைகளை உடைத்ததும் டிராக்குகளின் இகாம் கிரகமே ஆட்டம் காண்கிறது.

படம் இதைக் கடைசியில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. நீங்கள் அதைத் தவறவிட்டிருக்கலாம். முடிவு திடீரென்று வந்ததாகத் தோன்றுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

முதல் பாதியில் டிராக்குகள் தியானம் செய்யும் காட்சிகளை மறுபடி பாருங்கள். முதல்முறை வெறும் விசித்திர அலங்காரம் போலத்தான் இருக்கும். ஆனால் ஓம்களைப் பூச்சிபோல நசுக்குகிறவர்களின் ஒரே பலவீனத்தை இயக்குநர் ரெனே லாலூவும் ஓவியர் ரோலான் தோபோரும் அங்கேயே காட்டிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். அப்புறம், ஓம்களுக்குப் பலம் வந்தது ஆயுதத்தால் மட்டுமல்ல; ஓம் இளைஞன் டெர் திருடிவந்த கற்றல் கருவியால். அந்த இழையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: விடை தேடி ஸ்டெஃபான் வுல்லின் மூல நாவலுக்குப் போகாதீர்கள். படம் அதிலிருந்து நிறையவே விலகியிருக்கிறது, குழப்பம்தான் கூடும்.