பொலிவியாவின் யுங்காஸ் சாலைக்கு ‘மரணச் சாலை’ என்ற பெயர் எப்படி வந்தது?

லா பாஸ் நகரத்திலிருந்து கொரொய்க்கோ என்ற ஊருக்கு இறங்கும் பழைய மலைச்சாலை அது. 1930களில், பராகுவேயுடன் நடந்த சாக்கோ போரில் பிடிபட்ட அந்நாட்டுக் கைதிகளை வைத்து இந்தச் சாலையை வெட்டினார்கள். பல இடங்களில் அகலம் சுமார் 3 மீட்டர்தான். ஓரத்தில் தடுப்பில்லாத அதலபாதாளம், மூடுபனி, மண்சரிவு.

நாடு முழுக்க வலப்பக்கம் ஓட்டுபவர்கள் இங்கே மட்டும் இடப்பக்கம் ஓட்டுவார்கள். ஓட்டுநர் இருக்கை இடதுபுறம் இருப்பதால், இறங்கும் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, சக்கரம் விளிம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்படியும் 1983இல் ஒரே பேருந்து விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால், பெயருக்கு முக்கியக் காரணம் வேறு வழியில்லாமல் லாரியும் பேருந்தும் இரு திசையிலும் அதிலேயே போனதுதான். 2000களில் மாற்றுச் சாலை வந்தபின் பெரும்பாலும் சைக்கிள் பயணிகள்தான் போகிறார்கள். அவர்களிலும் சிலர் விழுந்து இறந்திருக்கிறார்கள்.