சிவப்பு மனோசிலைக் கல் மஞ்சள் பொடியா உதிருது, சூடு பண்ணா பழையபடி சிவக்குமா?

சூடு மட்டும் பண்ணிடாதீங்க, மொதல்ல இத சொல்லிடறேன். ஷோகேஸ்ல வச்சிருந்த மனோசிலை (ரியால்கர்) மேல மஞ்சளா உதிருது, அது அரிதாரமா (ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த இன்னொரு மஞ்சள் கல்லு) மாறிடுச்சு, அடுப்புல காட்டுனா சரியாயிடும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னதா எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்புங்க. அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல்லு. காத்துல சூடு பண்ணா வெள்ளையா கிளம்புற புகை ஆர்சனிக் ஆக்சைடு, அதாவது வெள்ளைப் பாஷாணம். வீட்ல குழந்தைங்க இருந்தா நினைச்சுக்கூட பாக்காதீங்க.

இந்தக் கேள்விய பாத்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா இதே மாதிரி ஒரு கல்லு என் கண்ணு முன்னாடியே போச்சு. எம்எஸ்சி ஜியாலஜி ரெண்டாவது வருஷம், எங்க டிபார்ட்மென்ட் மியூசியத்துல சீனாவோட ஹுனான் மாகாணத்து ஷிமென்ல இருந்து வந்த ரியால்கர் ஒண்ணு இருந்துச்சு. வெள்ளை கால்சைட் மேல கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு படிகம், டார்ச் அடிச்சா மாதுளை முத்து மாதிரி உள்ள வரைக்கும் சிவப்பு தெரியும். லேப்ல இருந்த அண்ணன் அந்த அலமாரிக்கு எப்பவும் கறுப்புத் துணி கட்டி வச்சிருப்பாரு. ஒரு இன்ஸ்பெக்ஷனுக்காக, பாக்க நல்லாயில்லன்னு துணிய கழட்டச் சொல்லி, கல்ல ஜன்னல் பக்கம் மாத்திட்டாங்க. அண்ணன் வேணாம்னு சொன்னாரு, யாரும் காதுல போட்டுக்கல. அடுத்த செமஸ்டர்ல பாக்கறேன், கல்லுக்கு அடியில காகிதத்துல மஞ்சள் தூள், முனையெல்லாம் மழுங்கி, மேல பளபளப்பே இல்ல.

அதவிட வயித்தெரிச்சல் என்னன்னா லேபிள 'அரிதாரம்'னு மாத்தி ஒட்டிட்டாங்க. நான் லென்ஸ் வச்சு பாத்தேன். அரிதாரம் (ஆர்பிமென்ட்) அணுக்கள் தகடு தகடா அடுக்கியிருக்குற கல்லு, அப்ரகம் மாதிரி ஏடு ஏடா பிரியும். இதுல ஒரு ஏடு கூட இல்ல, சந்தனத்தூள் மாதிரி வெறும் பொடி. ஒரு சிட்டிகைய கவர்ல போட்டு, கைக்காசு கட்டி எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு எந்தக் கனிமம்னு கண்டுபிடிக்கிற சோதனை) எடுத்தேன். பாராரியால்கர்னு வந்துச்சு. அப்படி ஒரு தனி கனிமம் இருக்குன்னு 1980லதான், கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல கிடைச்சத வச்சு எழுதினாங்க. அதுக்கு முன்னாடி பல பேரு இத அரிதாரம்னே நினைச்சுட்டு இருந்தாங்க, அதனால லேபிள் மாத்தினவர நான் ரொம்ப குத்தம் சொல்லல, ரிப்போர்ட்ட கையில குடுத்தப்புறமும் மாத்தாம விட்டதுதான் எனக்கு ஆறல.

விஷயம் இதுதான். ரியால்கர்ல நாலு ஆர்சனிக், நாலு சல்ஃபர் சேர்ந்து ஒரு கூண்டு மாதிரி மூலக்கூறு. இத சுமார் 250 டிகிரிக்கு மேல சூடு பண்ணா பீட்டாங்கற வேற படிகமாகுது, ஆனா கூண்டு அதே கூண்டுதான், அடுக்குற விதம் மட்டும் மாறுது. செங்கல்ல உடைக்காம சுவர வேற மாதிரி கட்டுற மாதிரி. ஆறினா உடனே பழைய வடிவத்துக்கு வராது, அறை வெப்பத்துலயும் பீட்டாவாவே ரொம்ப நாள் கிடக்கும். இன்னும் சூடு ஏத்துனா 300 டிகிரி தாண்டி உருகிடும். வெளிச்சம் பண்றது இது இல்ல. அது கூண்டுக்குள்ளயே கை வைக்குது, ஆர்சனிக்கும் ஆர்சனிக்கும் சேர்ற பிணைப்பு இடம் மாறிடுது. அதே எட்டு அணு, அதே ஃபார்முலா, ஆனா வேற மூலக்கூறு, அதுதான் பாராரியால்கர். மாறும்போது படிகம் உப்பி விரிசல் விட்டு பொடியாகுது. வெயில்தான் ஆகாதுன்னு நினைக்காதீங்க, பச்சை மஞ்சள் பக்கத்து வெளிச்சமே போதும், ஷோகேஸ் லைட்டும் கெடுக்கும்.

நீங்க கேட்டதுக்கு வரேன். சூட்டுல மூலக்கூற திருப்பலாமேன்னு கெமிஸ்ட்ரி படிச்சவங்க கமெண்ட்ல கேப்பீங்க, தெரியும். மூடின குழாய்ல, ஃப்யூம் ஹூட் (விஷப் புகைய உறிஞ்சி வெளியேத்துற கூண்டு) இருக்குற லேப்ல பண்றது வேற, வீட்டு அடுப்பு வேற. எப்படி பண்ணாலும் உதிர்ந்த தூள் ஒண்ணா கூடி பழைய படிகமா நிக்காது. நாட்டு மருந்துக் கடையில மனோசிலை விக்கறாங்களேன்னும் ஒருத்தர் வருவாரு. மருந்துக்கு சுத்திகரிக்கிறது சித்த வைத்தியர் வேலை, நான் அதுக்குள்ள போகல, ஷோகேஸ் கல்ல பத்தி மட்டும்தான் பேசறேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டோட 1642ஆம் வருஷத்து 'நைட் வாட்ச்' ஓவியத்துல, அதுல நிக்கற லெஃப்டினன்ட்டோட சட்டை தங்க வேலைப்பாட்டுல இதே பாராரியால்கர் இருக்குன்னு 2024ல கண்டுபிடிச்சாங்க. அத படிச்ச அன்னிக்கு அந்த அண்ணனுக்குத்தான் போன் பண்ணேன். 14 வருஷம் தொகுப்பூதியத்துல ஓட்டினவரு, பெர்மனென்ட் ஆக்கறேன் ஆக்கறேன்னு சொல்லியே கடைசியில வேற ஆளப் போட்டுட்டாங்க. எந்தக் கல்லுக்கு வெளிச்சம் ஆகாது, எதுக்கு ஈரம் ஆகாதுன்னு அத்தனையும் அவருக்கு மனப்பாடம், அந்த மியூசியத்துக்கு அவர விட்டா வேற யாரு இருந்தாங்க சொல்லுங்க.

உங்க கல்லுல சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தா இன்னிக்கே ஒரு மூடி போட்ட டப்பாவுல வச்சு இருட்டுல வைங்க. பொடிய வாயால ஊதாதீங்க, பிரஷ் வச்சு தட்டாதீங்க, கையுறை போட்டு ஈரத் துணியால ஒத்தி எடுத்து, துணிய கவர்ல கட்டி தனியா வைங்க. அதுக்கு முன்னாடி லென்ஸ் வச்சு ஒரு போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, ஏடா பிரியுதா பொடியா இருக்கான்னு பாத்து சொல்றேன்.