கிடாசாட்டோவும் பிளேக் கிருமியும்: உங்கள் ஐயத்துக்கு

பள்ளி அறிவியல் மலருக்கான கட்டுரையில் பிளேக் கிருமியைக் கண்டவர் ஜப்பானிய நுண்ணுயிரியல் அறிஞர் ஷிபாசாபுரோ கிடாசாட்டோவா, சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சு அறிஞர் அலெக்சாந்தர் யெர்சினா என்று கேட்டிருந்தீர்கள். இருவர் பெயரையும் எழுதுங்கள். 1894 ஜூனில் ஹாங்காங்கில் இருவரும் சில நாள் இடைவெளியில் தனித்தனியாக அதைக் கண்டனர். ஆனால் யெர்சினின் விவரிப்பே தெளிவாக இருந்தது. கிடாசாட்டோவின் மாதிரிகளில் வேறு கிருமிகள் கலந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதினர். கிருமிக்கு யெர்சினின் பெயரே நிலைத்துவிட்டது.

எனினும் கட்டுரையின் நடுப்பகுதியை இந்தச் சர்ச்சைக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கிடாசாட்டோவின் அசல் திறமை 1889இல் பெர்லினில், ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வெளிப்பட்டது. டெட்டனஸ் கிருமியை மற்றக் கிருமிகளிடமிருந்து யாராலும் பிரிக்க முடியாதிருந்தபோது, அதன் வித்துகள் வெப்பத்தைத் தாங்கும் என்பதைப் பயன்படுத்தி, கலவையை 80 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பிறவற்றைக் கொன்று, எஞ்சியதை ஆக்சிஜன் இல்லாத ஹைட்ரஜன் சூழலில் வளர்த்தெடுத்தார். (மாணவர்களுக்கு இதைப் படம் வரைந்தே விளக்கிவிடலாம்.) மறு ஆண்டு ஜெர்மன் மருத்துவர் எமில் பேரிங்குடன் சேர்ந்து, நோயை எதிர்க்கும் ஆற்றல் இரத்தத்தின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) இருப்பதை விலங்குகளில் நிறுவினார். 1901இல் நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டுமே கிடைத்தது.

2024 முதல் ஜப்பானின் 1000 யென் தாளில் இருப்பது கிடாசாட்டோவின் உருவம்தான். அட்டைப் படத்துக்கு அது பொருந்தும்.