சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’: கேள்வி பதில்

கேள்வி (கோவை): சோல் (அமெரிக்கக் கருப்பின மக்களின் இசை) என்றாலே காதல் பாட்டுதானே? இது எப்படிப் போராட்டப் பாட்டு ஆனது?

பதில்: அமெரிக்கக் கருப்பினப் பாடகர் சாம் குக்கும் காதல் பாட்டில் பெயர் வாங்கியவர்தான். 1957இல் ‘யூ சென்ட் மீ’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வெள்ளையர்களும் வாங்கிக் கேட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் தெற்கே கச்சேரிக்குப் போனால், கருப்பர் என்பதால் அவருக்குப் படுக்க அறை கிடைக்காது. 1963 அக்டோபர் 8 அன்று, லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் போன் செய்து அறை சொல்லிவைத்திருந்த விடுதிக்கு மனைவியோடு போய் நின்றார். ஆளைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிட்டார்கள். நகர மாட்டேன் என்று வாக்குவாதம் செய்தார். மனைவி பயந்துபோய்க் கெஞ்சிய பிறகுதான் கிளம்பினார், கார் ஹாரனை அலறவிட்டபடி. அமைதியைக் குலைத்ததாகப் போலீஸ் கைது செய்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1964 ஜனவரி 30 அன்று இந்தப் பாட்டு பதிவானது. ‘ஒரு மாற்றம் வரப்போகிறது’ என்பதுதான் தலைப்பின் பொருள்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. பாப் டிலனின் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ கேட்டபோது, ஒரு வெள்ளைக்காரப் பையன் இப்படி எழுதிவிட்டான், நாம் இன்னும் எழுதவில்லையே என்று சாம் குக்குக்குப் பட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாட்டில் சினிமா தியேட்டர் வருகிற சரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். என்னிடம் இருந்த கேசட்டில் அது இல்லை. அப்படி ஒரு சரணம் இருப்பதே பல வருடம் எனக்குத் தெரியாது.

கேள்வி (சேலம்): அவரைக் கொன்றது யார்?

பதில்: 1964 டிசம்பர் 11, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விடுதியின் மேலாளர் சுட்டார். தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணையில் முடித்தார்கள். குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அதற்கு மேல் ஊகம்தான்.

கேள்வி (மதுரை): போராட்டப் பாட்டென்றால் ‘நாம்’ என்று பாட வேண்டாமா? இதில் முழுக்க ‘நான்’. கூடவே வயலின். ஊர்வலத்தில் பாட முடியுமா இதை?

பதில்: முடியாதுதான். ஆனால் அந்த வயலின்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ரெனே ஹாலின் இசைக்கோர்ப்பு. படத்தின் டைட்டில் இசை மாதிரி எழும்பி இறங்கும். இறங்கிய இடத்தில் குரல் உள்ளே வரும். ‘பிறந்தேன்’ என்ற சொல்லிலேயே உச்சத்துக்குப் போய் நின்றுவிடும். பிறந்தது ஆற்றங்கரையில், ஒரு சின்னக் கூடாரத்தில். அன்றிலிருந்து அந்த ஆற்றைப் போலவே ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். அந்த ‘நான்’ சாம் குக் மட்டும்தானா? அவர் சிகாகோவில் வளர்ந்தவர். கூடாரத்தில் பிறந்தவர் இல்லை. ஒரு இனத்தின் வரலாற்றையே ஒரு ஆளின் வாயில் வைத்துப் பாடுகிறார்.

மதுரை நண்பர் மறுபடியும்: சரி, ஆனால் மாற்றம் வரும், வரும் என்று காத்திருக்கச் சொல்வது எப்படிப் போராட்டம்?

பதில்: இங்கேதான் நான் உங்களோடு மோத வேண்டியிருக்கிறது. இரண்டாவது சரணத்தைப் பாருங்கள். வாழ்வதும் கஷ்டம், சாகவும் பயம், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதோ தெரியவில்லை என்கிறார். சொல்வது யார்? ஒரு போதகரின் மகன். சோல் ஸ்டிரரர்ஸ் குழுவில் வருடக்கணக்காகக் காஸ்பல், அதாவது கருப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாட்டு, பாடியவர். காஸ்பலில் இந்த உலகத்துத் துன்பத்துக்கெல்லாம் பதில் மேலே இருக்கிறது. இவர் அந்தப் பதிலையே தள்ளிவைக்கிறார். அப்புறம் மாற்றம் எங்கே வந்தாக வேண்டும்? இங்கே, இந்த மண்ணில். அதைவிடப் பெரிய எதிர்ப்பை நான் சோல் இசையில் கேட்டதில்லை. அடுத்து, உதவி கேட்டுப் போன சகோதரனே அடித்து மண்டியிட வைக்கிறான். அந்த இடத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு முழங்கும். காத்திருக்கச் சொல்லும் பாட்டில் இதெல்லாம் எதற்கு?

கேள்வி (சென்னை): அவ்வளவு துணிச்சல் என்றால் தியேட்டர் சரணத்தை ஏன் வெட்டினார்கள்?

பதில்: சினிமாவுக்குப் போகிறேன், கடைவீதிக்குப் போகிறேன், இங்கே நிற்காதே என்று விரட்டுகிறார்கள்: அந்தச் சரணம் அவ்வளவுதான். நிறவெறியை நேராகக் கைநீட்டிக் காட்டும் இடம் அது ஒன்றுதான். வானொலிக்கு அதுதான் உறுத்தும். 1964 மார்ச்சில் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. ஜூலை 2இல் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதியிலும் தியேட்டரிலும் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது. அதற்கும் ஐந்து மாதம் கழித்து, அவர் இறந்து 11 நாளில், ‘ஷேக்’ பாட்டின் பின்பக்கமாக சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) வந்தது. அதில் அந்தச் சரணம் இல்லை. சட்டம் வந்த பிறகும் அந்த இரண்டு வரியை வானொலியில் ஒலிக்கவிடத் தயங்கினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கேள்வி (ஈரோடு): அவர் சாவில் சதி உண்டா?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான். பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): சோல் பாடகி அரீத்தா பிராங்க்ளின் இதைப் பாடியது எப்படி?

பதில்: 1967. ஒரு பழைய நண்பர் இப்படிச் சொல்லக் கேட்டேன் என்று தொடங்குகிறார். அந்த ஒரு வரிக்காகவே கேளுங்கள்.

கேள்வி (நெல்லை): கிடார் கார்டுகள் தர முடியுமா?

பதில்: நான் வாசிப்பவன் இல்லை. வாசிப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): இப்போதுதான் கேட்டேன். வானம் வருகிறது, தியேட்டர் வரவில்லை.

பதில்: அது வெட்டிய பிரதி. ‘எய்ன்ட் தட் குட் நியூஸ்’ என்று ஆல்பத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மூன்று நிமிடம் தாண்டி ஓடும்.