உயில் இல்லை, ஆனால் அண்ணன் 'எக்ஸிகியூட்டர்' என்கிறார்!

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா போன வருடம் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம், ஒரு வீடு, வங்கியில் டெபாசிட் இருக்கின்றன. அண்ணன், நான், தம்பி என மூன்று பேர். நான் திருமணமாகி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். டெபாசிட்டுக்கு அண்ணன்தான் நாமினி. "மூத்தவன் நான்தான் எக்ஸிகியூட்டர், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு பத்திரத்தை நீட்டுகிறார். தம்பியோ தன்னைத்தான் நியமிக்க வேண்டும் என்கிறான். சட்டப்படி யாரை நியமிப்பது?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'நிர்வாகத்துக்குத்தான்' என்று சொல்லி நீட்டப்படும் காகிதம் பல வீடுகளில் விடுதலைப் பத்திரமாகவோ (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது), விற்பதற்கான பவர் பத்திரமாகவோ இருக்கும். நகல் வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எக்ஸிகியூட்டர் என்பவர் உயிலில் எழுதியபடி சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர். அவரை உயில் எழுதியவர்தான் நியமிக்க முடியும். உயிலே இல்லாதபோது அண்ணனும் ஆக முடியாது, தம்பியும் ஆக முடியாது. உயில் இல்லாத சொத்துக்கு நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கலாம். அந்த உத்தரவுதான் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்'. 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 218-வது பிரிவின்படி, சொத்தில் பங்குள்ள எவரும் அதைக் கேட்கலாம். பலர் கேட்டால் ஒருவருக்கோ, சிலருக்குச் சேர்த்தோ கொடுப்பது நீதிபதியின் முடிவு. மூத்தவர், ஆண் பிள்ளை என்ற முன்னுரிமை அதில் இல்லை. உங்களுக்கும் அதே தகுதி உண்டு.

நிர்வாகி ஆகிறவர் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. இதைக் கேட்டதும் பல அண்ணன்மாருக்கு ஆசை விட்டுப்போகும்! அப்படியும் அண்ணன் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால், நீங்கள் அங்கே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு) தாக்கல் செய்யலாம். எதிர்ப்பு வந்துவிட்டால் அந்த மனு வழக்கமான சிவில் வழக்கு போலவே நடக்கும். சீக்கிரம் முடியாது.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நிர்வாகியே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா இறந்த அன்றே சொத்து வாரிசுகளுக்கு வந்துவிட்டது. நிலம் அப்பா வாங்கியதாக இருந்தாலும், பூர்வீகமாக இருந்தாலும் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தால் மட்டும் கணக்கு மாறும், அவரும் பிள்ளைகளைப் போலவே பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசு. நீலகிரி என்பதால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தோடர், கோத்தர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. நீங்கள் அப்படியென்றால் தனியாக எழுதுங்கள், பதில் வேறு.

டெபாசிட் விஷயம் எளிது. நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் இல்லை. அண்ணன் வாங்கினாலும் உங்கள் இருவரின் பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் தோட்டத்தில்தான். வீட்டைப் பூட்டி வைக்கலாம், தேயிலையைப் பூட்ட முடியாது. சண்டை போட்டுக்கொண்டு பறிக்காமல் விட்டால் இலை முற்றிப்போகும், மூவருக்கும் நஷ்டம். அதனால் பறிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், கணக்கைக் கேளுங்கள். அப்பா இறந்த நாளிலிருந்து எவ்வளவு பச்சைத் தேயிலை போனது, தொழிற்சாலை எவ்வளவு பணம் கொடுத்தது, கூலி, உரம் போக மீதி என்ன என்று அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்பாவின் பெயரில் இருந்த இலை ரசீதுகள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

அவர் மசியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள். அதிலேயே வருமானக் கணக்கும், விற்கக் கூடாது என்ற தடை உத்தரவும் கேட்கலாம். நிலைமை மோசமானால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமிக்கலாம். நீங்கள் தேடும் நடுநிலையான ஆள் அவர்தான். அண்ணன் தன் பங்கை ரிசார்ட் கட்டுகிறவருக்கு விற்கப் பார்த்தால், அதை முதலில் வாங்கும் உரிமை உங்களுக்கும் தம்பிக்கும் உண்டு (இந்து வாரிசுரிமைச் சட்டம், 22-வது பிரிவு). விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுத்துப் பாருங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மூவரையும் அழைத்துப் பேசி முடித்து, அது லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாக வந்தால் சிவில் நீதிமன்ற டிக்ரீக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, சமம். போகும்போது இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விடுபட்டிருந்தால் முதல் மனு தாசில்தாருக்குத்தான்.