டி-5 பேட்ஜுக்காக 6,000 யூரோ கூட குடுக்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறேன். சின்ன வயசுலேர்ந்தே மஸ்டாங் மேல எனக்கு ஒரு பைத்தியம். இங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் 1966 மஸ்டாங் கூபே விக்கிறார், 289 வி8. ஆனா வண்டில எங்கயுமே மஸ்டாங்னு எழுத்து இல்ல, முன் சைடுல 'டி-5'னு (T-5) ஒரு சின்ன பேட்ஜ்தான் இருக்கு. இது ஜெர்மனிக்குன்னே செஞ்ச அபூர்வ வண்டி, அதனால சாதா மஸ்டாங்க விட 6,000 யூரோ கூடன்னு சொல்றார், மொத்தம் 38,000. மூணு வருஷம் முன்னாடி கலிஃபோர்னியாலேர்ந்து இறக்குனதாம். ஜெர்மனிக்கு செஞ்ச வண்டி கலிஃபோர்னியாவுக்கு எப்படி போச்சு? நம்பலாமா?

பதில்: தம்பி, டி-5ங்கிறது கட்டுக்கதை இல்ல, நிஜம். ஃபோர்டு 1964ல மஸ்டாங்க வெளியிட்டப்போ ஜெர்மனில அந்தப் பேரு ஏற்கெனவே க்ருப் கம்பெனி கையில இருந்துச்சு, அவங்க மஸ்டாங்னு லாரி வித்துட்டு இருந்தாங்க. பேரை 10,000 டாலருக்கு குடுத்துடறோம்னு க்ருப் சொன்னாங்க, ஃபோர்டு வாங்க மாட்டேன்னுடுச்சு. அதுக்குப் பதிலா வண்டிய டிசைன் பண்ணப்போ வெச்சிருந்த டி-5ங்கிற பேர்லயே ஜெர்மனில வித்தாங்க. 1978 கடைசில க்ருப்போட உரிமை முடிஞ்சப்புறம்தான் அங்க மஸ்டாங் மஸ்டாங்காவே ஓடுச்சு.

கலிஃபோர்னியா சமாச்சாரத்துக்கு வர்றேன். அத மட்டும் வெச்சு அவர் பொய் சொல்றார்னு முடிவு பண்ணாதீங்க. அப்போ ஜெர்மனில அமெரிக்க ராணுவத்து ஆளுங்க நிறைய பேர் இருந்தாங்க, அவங்க அங்கயே டி-5 வாங்கி ஓட்டிட்டு ஊருக்கு திரும்பும்போது கூடவே கொண்டு போயிட்டாங்க, அதனால ஒரிஜினல் டி-5 அமெரிக்காலயும் கிடைக்குது. ஊருக்குப் போனதும் மஸ்டாங் எழுத்தை வாங்கி ஒட்டிக்கிட்டவங்களும் உண்டு. அதனால பேட்ஜ் இருக்கிறதும் இல்லாததும் ரெண்டுமே ஒண்ணும் சொல்லாது. அந்த பேட்ஜ் புதுசாவே பார்ட்ஸ் கடைல கிடைக்குது, கொஞ்சம் பணம் இருந்தா ஒரு மத்தியானத்துல எந்த மஸ்டாங்கையும் டி-5 ஆக்கிடலாம், அந்த ஒரு மத்தியான வேலைக்குத்தான் உங்ககிட்ட 6,000 கேக்குறாங்களோங்கிறதுதான் என் பயம்.

வண்டில வேற என்ன மாறிருக்கும்னா, பெட்ரோல் டேங்க் மூடி, ஸ்டீயரிங் நடுவுல இருக்கிற ஹார்ன் பட்டன் இங்கெல்லாம் மஸ்டாங்கிற எழுத்து இருக்காது. கிரில்ல ஓடுற குதிரை அப்படியே இருக்கும், ஏன்னா தகராறு பேருக்குத்தான், குதிரைக்கு இல்ல. பானெட்ட தூக்கிப் பாருங்க, ஃபயர்வால்லேர்ந்து (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) ரெண்டு ஷாக் டவருக்கும் (முன் சக்கர ஷாக் அப்சார்பரோட மேல்பக்கத்தைப் பிடிச்சிருக்கிற கூடு) போற கம்பி அமெரிக்க வண்டில தனித்தனியா ரெண்டு இருக்கும், வெளிநாட்டுக்கு போன வண்டில ஒரே துண்டா கெட்டியா இருக்கும், ஸ்பிரிங்கும் கெட்டி. அந்தக் கம்பிக்கே எக்ஸ்போர்ட் பிரேஸ்னு பேரு. ஆனா அதையும் ஷெல்பி (மஸ்டாங்லயே ரேஸுக்குன்னு மாத்தி செஞ்ச வண்டி) மாதிரி ஆக்கணும்னு ஆசைப்பட்டு எத்தனையோ பேர் மாட்டிருக்காங்க, கிலோமீட்டர் ஸ்பீடோமீட்டரும் அதே கதைதான்.

அப்போ எதைத்தான் நம்புறது? டிரைவர் பக்கத்து கதவுல ஒரு சின்ன தகடு இருக்கும், அதுல டிஎஸ்ஓன்னு ஒரு கட்டத்துல ஆர்டர் போட்ட ஏரியா நம்பர் இருக்கும். 71னா லாஸ் ஏஞ்சலஸ், 72னா சான் ஹோசே. 90லேர்ந்து 99 வரைக்கும் எக்ஸ்போர்ட். உங்க வண்டில 71 இருந்துச்சுன்னா அந்த 6,000 பேச்சு அங்கயே முடிஞ்சது, அது கலிஃபோர்னியாலயே பொறந்து வளந்த சாதா மஸ்டாங். 90லேர்ந்து 99க்குள்ள இருந்தா நல்ல அறிகுறி, ஆனா எக்ஸ்போர்ட்னா ஜெர்மனின்னு மட்டும் அர்த்தம் இல்லையே, வேற நாட்டுக்கு போன வண்டியாவும் இருக்கலாம். இன்னொண்ணு, இந்தத் தகட்டையே நாம கேக்குற நம்பர் அடிச்சு புதுசா செஞ்சு குடுக்கிறவங்க இருக்காங்க. அதனால தகடும் ரிவெட்டும் பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க. தகட்டுல இருக்கிற வண்டியோட சீரியல் நம்பரும் (டிஎஸ்ஓ நம்பர் இல்ல), பானெட்டுக்குள்ள டிரைவர் பக்கம் ஃபெண்டர் ஓரத்துல தகரத்துலயே குத்தியிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா பேச்சே வேணாம் வந்துடுங்க.

அந்த சீரியல் நம்பர்ல முதல்லேர்ந்து எண்ணி அஞ்சாவதா வர்ற எழுத்தையும் பாருங்க. சி, ஏ, கே இதுல ஏதாவதுன்னா பொறக்கும்போதே 289 வி8. டி-ன்னு (T) இருந்தா ஆறு சிலிண்டரா பொறந்து பின்னாடி வி8 மாத்தின வண்டி. வீல் போல்ட்டையும் எண்ணிடுங்க, ஆறு சிலிண்டர்ல நாலு, வி8ல அஞ்சு. எஞ்சின மட்டும் மாத்திட்டு நாலு போல்ட்டோட அப்படியே விட்டுட்டாங்கன்னா பிரேக்கும் ஆக்சிலும் அந்த பவரைத் தாங்குற சைஸ்ல இருக்காது, அது உயிர் விஷயம்.

ஃபோர்டோட பழைய தயாரிப்பு ரெக்கார்ட்லேர்ந்து எடுத்துக் குடுக்கிற மார்ட்டி ரிப்போர்ட்னு ஒண்ணு உண்டு, ஆனா அது 1967 மாடல்லேர்ந்துதான். உங்களது 66. யாராவது இந்த வண்டிக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்குன்னு நீட்டினா அங்கயே உஷாராயிடுங்க. உங்களுக்கு வேண்டியது 60கள்ல ஜெர்மனில ரிஜிஸ்டர் ஆன பழைய பேப்பர், இல்ல ராணுவத்து ஆள் யாராவது வாங்கியிருந்தா அந்த பில்லு, அப்போ எடுத்த ஃபோட்டோ, இப்படி ஏதாவது ஒண்ணு. அது இருந்தா கூடக் கேக்குற பணத்துல பாதியாவது பேரம் பேசிக் குடுக்கலாம். இல்லன்னா சாதா மஸ்டாங் விலைக்கு மேல ஒரு யூரோ கூட குடுக்காதீங்க, டி-5 நிஜமாவே இருந்தாலும் ப்ரூஃப் இல்லாம நாளைக்கு நீங்க விக்கும்போது எவனும் உங்களுக்கு அந்தக் காசைத் தரமாட்டான்.

பேட்ஜ் கதைல மயங்கி துரு இருக்கான்னு பாக்க விட்டுடாதீங்க, அந்தத் துருதான் இந்த வண்டிங்கள கொல்றது. முன் கண்ணாடிக்கு கீழ காத்து போற ஜல்லடை இருக்குல்ல, அதுல ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க, உள்ள கால் வைக்கிற இடத்துல சொட்டுச்சுன்னா உள்தகரம் ஓட்டையாயிடுச்சுன்னு அர்த்தம், அத சரி பண்ண முன்பக்கம் பூரா பிரிக்கணும், பார்ட்ஸ விட கூலி பல மடங்கு ஆகும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வெயில் காலத்துல வாங்கி முதல் மழைல கார்ப்பெட் நனைஞ்சப்புறம்தான் இத கண்டுபிடிச்சார், மனசே உடைஞ்சு போயிட்டார். விக்கிறவர் தண்ணி ஊத்த விட மாட்டேன்னார்னா அதுவே உங்களுக்கு பதில்.

கடைசியா எச் நம்பர் ப்ளேட் இருக்கான்னு கேளுங்க. 30 வருஷம் தாண்டி ஒரிஜினலா இருக்கிற வண்டிக்கு அதுல வருஷ வரி 191.73 யூரோ. அது இல்லாம உங்க 289க்கு, அதாவது 4.7 லிட்டர் எஞ்சினுக்கு, கட்டினா 1,200க்கு மேல போயிடும். சுங்கம் கட்டின பேப்பரையும் கையோட வாங்கிடுங்க.

கேள்வி: அண்ணை, ஸ்கார்பரோவில இருந்து எழுதுறன். 1964 பொன்டியாக் பரிசியென் ஒண்டு பாத்தனான். மெக்கானிக் பாத்திட்டு உள்ளுக்கு இருக்கிறது செவர்லே 283 எஞ்சின் எண்டு சொல்றார். ஆரோ மாத்திப்போட்டினமோ எண்டு பயமாக் கிடக்கு. விடவோ?

பதில்: விட்டுடாதீங்க. அந்தக் காலத்துல கனடாக்குன்னு ஓஷாவா ஃபேக்டரில செஞ்ச பரிசியென் மாதிரி பெரிய பொன்டியாக் எல்லாம் மேல பொன்டியாக், கீழ செவர்லேதான், சேஸி எஞ்சின் ரெண்டும். பொன்டியாக், செவர்லே ரெண்டுமே ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியோட பேருதான். கனடா மார்க்கெட் சின்னது, அமெரிக்காலேர்ந்து இறக்கினா வரி, அதனால ஒரே சாமானை வெச்சு ரெண்டு பேர்ல வித்தாங்க. பொன்டியாக் எஞ்சின் இருந்திருந்தாத்தான் யாரோ மாத்திட்டாங்கன்னு கவலைப்படணும். உங்களுக்கு இதுல லாபமும் இருக்கு, எஞ்சின் பார்ட்ஸ் எல்லாம் செவர்லே கடைல தாராளமா கிடைக்கும். கஷ்டப்படப் போறது க்ரோம் பட்டை, எழுத்து, விளக்கு மூடி இதுக்குத்தான், அதனால அதெல்லாம் முழுசா இருக்கான்னு ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க. ஜிஎம் கனடா ரெக்கார்ட்லேர்ந்து எடுத்த பேப்பர் பழைய ஓனர்கிட்ட இருந்தா அதையும் கேட்டு வாங்கிக்கோங்க.